பச்சைப் புள்ளி வைத்த பக்கம்

குவைத்
20.11.1996

அஸ்னாவின் வாப்பாவுக்கு முனவ்வறாவின் ஸலாம்.

சுகம் கேட்கும் வரிகளை இந்த முறை நீங்களே சேர்த்து வாசித்துக்கொள்ளுங்கள். மெடம் கடைக்குப் போயிருக்கிறாள், வருவதற்குள் முடிக்க வேண்டும். டெலிபோனுக்குப் போட்ட மாதிரி பேனைக்கும் ஒரு பூட்டுக் கிடைத்திருந்தால் போட்டிருப்பாள்.

உங்களிடம் ஒரு தொழில் விசயம் கேட்க வேண்டும். சிரிக்கக் கூடாது. வீட்டுக்காரருக்கு, பாபா என்றுதான் அவரைக் கூப்பிடுகிறோம், மேல்மாடியில் ஓர் அறை நிறைய விளையாட்டு றெயில் இருக்கிறது. பெருநாள் கடையில் சாவி கொடுத்து ஓட்டுகிற சாமான் இல்லை. மேசை மேலே தண்டவாளம், பாலம், ஸ்டேசன், கடைத்தெரு எல்லாம் உண்டு. ஜெர்மனியில் இஞ்சினியருக்குப் படித்த காலத்தில் தொடங்கினாராம். கல்முனைக்கு றெயில் வராத குறையை அல்லாஹ் எனக்கு இங்கே தீர்த்துவைத்தான், தினமும் தூசி தட்டுகிறேன்.

இப்போது அந்த ஊருக்கு விளக்குப் போடப் போகிறார். அதற்கு ஜெர்மனியிலிருந்து எல்.ஈ.டி வருவித்திருக்கிறார். நீங்கள் றேடியோவில் போடுகிற அதே சாதி விளக்குத்தான், ஆனால் இதற்குக் கம்பிக் கால் இல்லை. அரிசிக் குறுணலில் பாதி அளவு. கசட் நாடா போன்ற ஒரு சுருளில், குழிக்கு ஒன்றாக வைத்து, மேலே மெல்லிய தாள் ஒட்டி வருகிறது. பாபா தாளை உரித்த வேகத்தில் எல்லாம் துள்ளிக் கம்பளத்தில் விழுந்துவிட்டன. நான் நூல் நுனியை நனைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தேன். மருதமுனையில் உம்மாவின் தறியில் அறுந்த நூலை முடிந்த விரல் அல்லவா? அடுத்த நாள் அந்த அறையில் எனக்கும் ஒரு கதிரை போட்டார். விளக்கு வைக்கும் வேலை இனி உனக்கு என்றார்.

கால் இல்லாததில் பிளஸ் எது, மைனஸ் எது? ஒரு பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி இருக்கிறது. ஈயம் பற்றவைக்கிற அயனை எவ்வளவு நேரம் வைக்கலாம்? நீங்கள் பார்ப்பதற்காக ஒன்றை இந்தக் கடதாசியின் மூலையில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

வந்த வேலையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அஸ்னாவைக் கட்டிக்கொடுக்கும்போது நம் வீட்டையும் அவளுக்குக் கொடுத்துவிட்டால், நாம் ஒதுங்குவதற்குப் பின்வளவில் இரண்டு அறை வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வருகிற ஜூனோடு இரண்டு வருடம் முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாளும் இங்கே நிற்க மாட்டேன்.

முனவ்வறா


கல்முனைக்குடி
19.12.1996

முனவ்வறாவுக்கு, ஆதம்பாவா எழுதுவது.

உன் கடிதம் வெள்ளத்தோடு வந்து சேர்ந்தது. வழியில் யாரோ உடைத்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அவர்களிடம் தப்பி வந்த உன் விளக்குக்கு உன் மகளிடம் தப்ப முடியவில்லை. டேப்பை உரித்துவிட்டு, "வாப்பா, இதுல மண்ணு மாதிரி ஒண்டு இரிந்திச்சி, ஊதிப்போட்டன்" என்றாள். வீடு முழுக்கக் கூட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து குவைத் போய், அங்கிருந்து கல்முனைக்குடி வரை வந்த சாமான் ஒரே ஊதில் முடிந்தது.

பார்க்காவிட்டால் என்ன, இருபது வருடமாக றேடியோவின் வயிற்றுக்குள் கை வைத்திருக்கிறேன். கேள். அடையாளம் போட்ட பக்கம் மைனஸ். டையோட்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அதே கணக்குத்தான். இதில் சந்தேகம் வேண்டாம், ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்து நேரத்தை வீணாக்காதே. ரெசிஸ்டர் இல்லாமல் கரண்ட் கொடுத்தால் கருகிவிடும். செப்புக் கம்பியின் மேல்பூச்சைப் பிளேட்டால் சுரண்டிவிட்டு முதலில் கம்பிக்கு ஈயம் பூசு. பிறகு விளக்கில் அயனை வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிடு. நான் இத்தனை வருடமும் அப்படித்தான் செய்கிறேன், மணிக்கூடு பார்த்ததில்லை.

சொல்லித் தந்ததால் எனக்கு இது பிடித்திருக்கிறது என்று எண்ணாதே. சமையலும் துடைப்பமும் போதாதென்று இதையும் தலையில் ஏற்றிக்கொண்டால் உன் உடம்பு என்னத்துக்கு ஆகும்? இங்கே அறைச் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. மழை விட்டால்தான் மேசன் வருவான். கரண்ட் போனால் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, வந்தால்தான் தெருவில் சத்தம் கேட்கிறது.

ஆதம்பாவா


குவைத்
24.01.1997

அஸ்னாவின் வாப்பாவுக்கு,

நோன்போடு எழுதுகிறேன், கை சோர்ந்துபோய்க் கிடக்கிறது. உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அதற்குள் ஒரு பிடி விளக்கைக் கருக்கிவிட்டேன். பிஸ்மில்லாஹ் கணக்கு நல்ல கணக்கு. நேற்றிலிருந்து ஒன்றும் கருகவில்லை. பாபா என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு, தானும் அப்படியே சொல்லிச் செய்து பார்த்தார். அவர் ஓதுகிற நீட்டுக்கு விளக்கு உருகிவிட்டது.

ஸ்டேசன் விளக்குகளும், றெயில் பெட்டிக்குள் வைக்கிற மஞ்சள் விளக்குகளும் முடிந்தன. உங்கள் கடிதம் வராததால் டோச் பற்றரி இரண்டைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுப் பார்த்துத்தான் வைத்தேன். பச்சைப் புள்ளி பிளஸ் பக்கம் இருந்த மாதிரி எனக்கு ஞாபகம். நீங்கள் மைனஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்தான் மாறிப் பார்த்திருப்பேன், கண்ணும் அலுத்திருந்தது. இனி சிக்னல் தூண்கள்தான் மிச்சம். தீக்குச்சியிலும் மெல்லிய தூண். உள்ளே விளக்கை இறக்கிப் பசை போட்டு மூடிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. அதனால் உங்கள் சொல்படியே வைக்கப் போகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடையில் ஒரு நாளாவது அயனைத் தொட என்னை விட்டீர்களா? "அங்க வெச்சிட்டுப் போ புள்ள, சுட்டுக்கொள்ளுவாய்" என்பீர்கள். சோற்றுப் பானையில் சுட்டுக்கொண்ட கையைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. இங்கே முதல் பெட்டிக்குள் விளக்கு எரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு சந்தோசமாக இருந்தேன் என்று நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. நோன்பு திறக்கச் சமைத்து, கழுவி, துடைத்து, கால் வீங்கிய பிறகுதான் அந்தக் கதிரைக்குப் போகிறேன். அப்படியும் போகிறேன்.

முனவ்வறா


கல்முனைக்குடி
25.02.1997

முனவ்வறாவுக்கு,

பெருநாள் முடிந்தது. அஸ்னாவுக்குச் சம்பந்தம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை சாய்ந்தமருது, பெயர் றிஸ்வான், உரக்கடையில் நிற்கிறான். அமைதியான பொடியன். தாய் ஹாஜறா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள். கடைசியில், "எல்லாம் நல்லம். புள்ளட உம்மா எப்ப வாறா?" என்று கேட்டாள். ஜூனில் வருவாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நீ செய்கிற வேலை பசார் வரைக்கும் வந்துவிட்டது, அஸ்னா யாரிடமோ பெருமை பேசியிருக்கிறாள். தேத்தண்ணிக்கடைக் கச்சிமுகம்மது ஆட்களுக்கு முன்னால், "ஆதம்பாவா, ஒன்ட பொண்டாட்டி குவைத்துல றெயில் ஓட்டுறாவாமே, நமக்கும் ஒரு டிக்கட் எடுத்துத் தாவன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கொஞ்ச நாளாகத் தடிமன், மூக்கடைப்பு. கடை பூட்டிக் கிடக்கிறது. எழுத்துக் கோணலாக இருந்தால் பேனைதான் காரணம். சிக்னல் எரிந்ததா என்று எழுது.

ஆதம்பாவா


குவைத்
28.03.1997

அஸ்னாவின் வாப்பாவுக்கு,

சிக்னல் எரியவில்லை. ஒன்றுகூட எரியவில்லை.

பாபா தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டிருந்தார். மெடமும் வந்து நின்றாள். சுவிச்சைப் போட்டார்கள், ஸ்டேசன் எரிந்தது, றெயில் எரிந்தது, சிக்னல் மட்டும் இருட்டு. பச்சைப் புள்ளி வைத்த பக்கம் பிளஸ்தான். எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது, என் கண்ணை நம்பாமல் உங்கள் கடதாசியை நம்பினேன். இருபது வருட அனுபவத்துக்கு எங்கள் ஸலாம்! மெடம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. தூண்களையெல்லாம் உடைத்து, புதுத் தூண் வாங்கி, திரும்ப வைத்து முடிக்க இத்தனை நாள் ஆயிற்று. இப்போது எரிகிறது. சிவப்பு மாறிப் பச்சை வருகிறது.

இனி முக்கியமான விசயம். பாபா அகாமாவைப் புதுப்பிக்கக் கேட்கிறார். அகாமா என்றால் இங்கே தங்குவதற்கான கடதாசி. இன்னும் இரண்டு வருடம். சமையலுக்கு வேறு ஆள் எடுப்பாராம், எனக்கு அந்த அறை மட்டும்தானாம். துறைமுகம் ஒன்று கட்ட வேண்டும், மலைப்பக்கம் முழுக்க விளக்கு வைக்க வேண்டும் என்கிறார். ஜூன் தொடக்கத்தில் நான் கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்கட் போடுவார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டும். அஸ்னாவின் கலியாணத்தில் நான் நிற்க வேண்டும். களைத்துப்போனேன், உங்கள் பக்கத்தில் ஒரு நாள் சும்மா இருந்தால் போதும். ஆனால் அந்தக் கதிரையை விட்டு எழும்பவும் மனம் வரவில்லை. ஊருக்கு வந்தால் யார் எனக்கு அயனைத் தருவார்கள்? நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்.

முனவ்வறா


கல்முனைக்குடி
25.04.1997

முனவ்வறாவுக்கு,

புள்ளியை மாற்றிப் போட்டது எந்தக் கம்பனிக்காரனோ அவனுக்கு ஸலாம் சொல். நான் ஊரில் றேடியோ திருத்துகிறவன். என் கடதாசியை நம்பியது உன் பிழை என்றால் இனி நம்ப வேண்டாம்.

மகளின் கலியாணம் ஒரு பக்கம், அரபியின் விளையாட்டுச் சாமான் ஒரு பக்கம், நடுவில் உனக்கு இரண்டு மனமா? அதை எழுத உனக்குக் கை வந்ததே. ஹாஜறாவுக்கு நான் என்ன சொல்வது? சம்பந்தியம்மா துறைமுகம் கட்டுகிறாள் என்றா?

தாராளமாக நில். கையெழுத்தை வை. கலியாணத்தை நான் செய்துகொள்வேன். இவ்வளவு நாள் நீ இல்லாமல் இருந்த வீடு, இன்னும் இரண்டு வருடத்தில் இடிந்துவிடாது. இதைப் பற்றி இனிமேல் என்னிடம் கேட்காதே.

ஆதம்பாவா


கல்முனைக்குடி
09.05.1997

என் முனவ்வறாவுக்கு,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்ட அடுத்த நாள் காலையிலேயே தபால் கந்தோருக்குப் போனேன். திரும்ப எடுத்துத் தர முடியுமா என்று தபால்காரனிடம் கேட்டேன். "பேக் போயித்து காக்கா" என்றான். பிறகு பல நாள் இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பினேன். எழுத முடியாமல் இருந்ததற்குக் காரணம் ரோசம் மட்டும் இல்லை.

தடிமன் என்று எழுதியது பொய். நோன்பு முடிந்த கிழமை ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு ஒன்று. என் பையில் வயரும் பற்றரியும் இருந்தன. கடைச் சாமான் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஒரு நாள் வெயிலில் வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து வலது கை நடுங்குகிறது. அயன் பிடிக்க ஏலாது. ஈயம் வேறு இடத்தில் விழுகிறது. கடை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையால் பிடிக்கிறேன். கச்சிமுகம்மது அதைப் பார்த்துவிட்டு அரைக் கோப்பை ஊற்றித் தருகிறான்.

அந்த நேரத்தில்தான், பெட்டிக்குள் விளக்கு எரிந்தது, அழுகை வந்தது என்று நீ எழுதியது வந்தது. எனக்குப் பொறாமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் விரலை நினைத்துப் பொறாமைப்பட்டேன். புள்ளி விசயத்தில் பிழையும் என்னுடையதுதான். பார்க்காத சாமானுக்கு வைத்தியம் சொன்னேன்.

நீ வா. கையெழுத்து வைக்காதே. இங்கே என்னுடைய மேசை சும்மா கிடக்கிறது, வந்து உட்கார். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நீ வராமல் அஸ்னாவின் நிக்காஹ் நடக்காது, ஹாஜறாவிடம் சொல்லிவிட்டேன். இரண்டு அறை கட்டவென்று உன்னை அனுப்பினேன். இப்போது ஓடும் போட்டாயிற்று. அதற்குக் கீழே தனியாக உட்கார்ந்து பார்க்கிறேன், நீ இல்லாமல் எனக்கு அந்த அறை வேண்டாம், முனவ்வறா. எனக்கு நீ வேண்டும்.

உன் ஆதம்பாவா


குவைத்
07.06.1997

அஸ்னாவின் வாப்பாவுக்கு,

உங்கள் ஒன்பதாம் திகதிக் கடிதம் இன்று, சனிக்கிழமை, கிடைத்தது. புதன்கிழமை கையெழுத்து வைத்துவிட்டேன்.

மற்றக் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேல் ஆகிறது. அதை வாசித்துவிட்டுப் பொறுத்துப் பார்த்தேன். கோபம் ஆறி இன்னொன்று எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும், உங்களோடு எத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! தினமும் பாபா வெளியே போய் வரும்போது கையைப் பார்ப்பேன், கடிதம் இருக்கிறதா என்று. செவ்வாய்க்கிழமை அவர், "இனிப் பொறுக்க முடியாது, முடிவைச் சொல்" என்றார். நீங்கள் வை என்று எழுதியிருந்தீர்கள். வைத்தேன். நீங்கள் எழுதினால் நான் செய்துவிடுகிறேன், என்ன செய்ய?

இன்று உங்கள் கடிதத்தோடு பாபாவிடம் ஓடினேன். கடதாசி கந்தோருக்குப் போய்விட்டதாம், திருப்பி எடுத்தால் தனக்கும் சிக்கல், எனக்கும் சிக்கல் என்றார். நல்ல மனிசன்தான், அவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். மெடம், "வேண்டும் என்றுதானே வைத்தாய்?" என்று கேட்டாள்.

கையைப் பற்றி ஏன் சொல்லவில்லை? என்னிடம் சொல்ல வெட்கமா? அந்தக் கையை நான் எத்தனை வருடம் பிடித்திருக்கிறேன். எனக்கு உங்கள் மேல் கோபம். அதைவிட என் மேல் கோபம். இன்று அந்த அறைக்குப் போகவில்லை.

முனவ்வறா


கல்முனைக்குடி
05.07.1997

முனவ்வறாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நீ கையெழுத்து வைத்தது நல்லது. நான் முதலில் எழுதியதுதான் யோசித்து எழுதியது. இரண்டாவது கடிதம் எழுதிய நேரம் எனக்குக் கடும் காய்ச்சல். காய்ச்சலில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. அதை ஒரு கணக்கில் எடுக்காதே.

கை இப்போது பரவாயில்லை. காத்தான்குடியில் ஒரு பரியாரி எண்ணெய் தந்தார். கடை திறந்துவிட்டேன், றேடியோ குவிந்து கிடக்கிறது. பின்வளவு அறைக்குக் குடியேறிவிட்டேன், நல்ல காற்று. தனியாக இருப்பதும் ஒரு வசதிதான், விரும்பிய நேரம் படுக்கலாம்.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வருடம் பொறுக்க மாட்டார்கள். அதனால் நிக்காஹ் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. அஸ்னா முதலில் மாட்டேன் என்றாள், நான் சொல்லி ஒப்பவைத்திருக்கிறேன். நீ ஒன்றையும் நினைத்துக் கவலைப்படாதே.

அந்த இரண்டாவது கடிதத்தை வைத்திருக்க வேண்டாம். வேறு யாரும் வாசித்தால் வெட்கம். நான்காகக் கிழி, பிறகு இன்னும் சின்னதாகக் கிழி, தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடு. ஒரு எழுத்தும் தெரியக் கூடாது. அந்த அறைக்குத் திரும்பப் போ. மலைப்பக்கத்துக்கு விளக்கு வைக்கும்போது புள்ளியைப் பார்க்காதே, பற்றரியைத் தொட்டுப் பார்த்து வை.

ஆதம்பாவா


குவைத்
02.08.1997

அஸ்னாவின் வாப்பாவுக்கு,

நிக்காஹ் முடிந்த பிறகுதான் உங்கள் கடிதம் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பாலத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் இரண்டு றக்அத்தாவது தொழுதிருப்பேன். அஸ்னாவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். தலையில் பூ வைத்தவர்கள் யார் என்றும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கை சுகமானது, கடை திறந்தது, அறைக்குள் நல்ல காற்று வருவது, எல்லாம் அறிந்து சந்தோசம். காய்ச்சல் விட்டதும் சந்தோசம். நீங்கள் சொன்னால் நான் நம்புவேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதியிருந்தபடியே நான்காகக் கிழித்து, இன்னும் சின்னதாகக் கிழித்து, தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டேன். ஒரு எழுத்தும் மிச்சமில்லை. ஆனால் அதற்குள் எனக்கு அது முழுக்கப் பாடமாகிவிட்டது. அதை எப்படிக் கிழிப்பது என்று நீங்கள் எழுதவில்லை.

முனவ்வறா